புது வீட்டின் ஆறாவது மாதம்: சாவியைக் கொடுத்த பிறகு நாம் என்ன செய்கிறோம்?

#1 திண்ணைவாசி

வணக்கம். பல நாளாக நெஞ்சில் கிடந்து உறுத்துவதை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

குடும்ப வன்முறையிலிருந்து வெளியே வரும் பெண்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையை நாலைந்து பேர் சேர்ந்து எட்டு வருடமாகச் செய்கிறோம். ஆரம்பத்தில் எங்கள் நினைப்பெல்லாம் ஒன்றில்தான் இருந்தது. எப்படியாவது அந்த வீட்டைவிட்டு அவள் வெளியே வந்துவிட வேண்டும். கொஞ்ச நாள் காப்பகம். அப்புறம் ஒரு வாடகை வீடு, முன்பணம், நாலு பாத்திரம். சாவியைக் கையில் கொடுத்துவிட்டால் எங்கள் பொறுப்பு தீர்ந்தது என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவோம்.

போன மாதம் ஒரு தங்கை கூப்பிட்டாள். "அக்கா, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க." நாங்கள் குடிவைத்து ஆறாவது மாதம். கணவன் தேடி வரவில்லை. யாரும் கதவை உடைக்கவில்லை. வழக்குக்கு வாய்தா மேல் வாய்தா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போனது. பிள்ளைக்குப் பள்ளி மாற்ற நாலு நாள் அலைந்தாள். நடுவில் காய்ச்சல். மூன்றாம் மாதம் பாதி வாடகை, நாலாம் மாதம் முழுசும் பாக்கி. முன்பணம் நாங்கள் கொடுத்ததாயிற்றே, மறுபடியும் எப்படிக் கேட்பது என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். கடைசியில் அவள் கேட்டது இதுதான்: "வேற வீடு பாத்துக் குடுங்கன்னு கேக்கலக்கா. அவர்கிட்டயே போயிடட்டுமான்னுதான் கேக்குறேன்."

அன்றிரவு பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். எங்கள் கையால் குடிவைத்தவர்களில் வீட்டை இழந்தவர்கள் யார், ஏன் என்று பார்த்தேன். கணவன் கண்டுபிடித்து வந்ததால் இழந்தவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் காரணம் வாடகை பாக்கி, வேலை போனது, பழைய கடன், அக்கம்பக்கத்துப் பேச்சு. நாங்கள் முழுக்கத் தயாராக இருந்தது கணவன் வருவதற்கு. வராமலே அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

இந்த வேலையில் இருப்பவர்கள், இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். சாவி கொடுத்த பிறகு என்ன செய்கிறீர்கள்? எது தாங்கிப் பிடித்தது?

#2 வேர்பிடித்தவள்

அக்கா, அந்தத் தங்கை கேட்ட கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். யாரிடமும் இல்லை, ராத்திரியில் எனக்குள்ளேயே.

பதினான்கு மாதத்தில் மூன்று வீடு மாறினேன். நம் மொழியில் வீட்டுக்காரர் என்றால் கணவருக்கும் அதே சொல், வாடகைக்கு விடுகிறவருக்கும் அதே சொல். ஒருவரிடமிருந்து தப்பி வந்து இன்னொருவர் வாசலில் நின்றபோது எனக்கு இரண்டு பேரிடமும் ஒரே பயம்தான் இருந்தது.

முதல் வீட்டில் பொய் சொன்னேன். கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்றேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற வாரம் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் மாதம் அவர் எப்படியோ தெருவரைக்கும் வந்துவிட்டார். வீட்டுக்கார அம்மா சந்தோஷமாக, "வாங்க வாங்க, ஊர்லேருந்து எப்ப வந்தீங்க, அவங்க மாடியிலதான் இருக்காங்க" என்று படியேற்றி விட்டார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் சொன்ன பொய்தான் அவரை மாடிவரை கூட்டிவந்தது.

இரண்டாவது வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவர்களும் அழுதார்கள். ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. வேலை முடிந்து நான் எத்தனை மணிக்கு வருகிறேன் என்பது எல்லோருடைய கவலையாகவும் ஆனது. ஐந்தாம் மாதம் "எங்க பொண்ணுக்குக் கல்யாண வயசு, தப்பா நெனச்சுக்காதம்மா" என்றார்கள்.

மூன்றாவது வீட்டில்தான் புத்தி வந்தது. கதையைச் சொல்லவில்லை, செய்ய வேண்டியதை மட்டும் சொன்னேன். "இன்னார் வந்தால் உள்ளே விடாதீர்கள். நான் இருக்கிறேனா இல்லையா என்றுகூடச் சொல்லாதீர்கள். எனக்கும் இந்த இன்னொரு எண்ணுக்கும் போன் செய்யுங்கள். நீதிமன்ற உத்தரவின் நகல் இதோ." அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வீட்டு உரிமையாளரும் கேட்கவில்லை. இப்போது ஏழாவது வருடம், அதே வீடு.

#3 கறுப்புக்கோட்டு

திண்ணைவாசி கேட்டதற்கு நேர்ப் பதில் இல்லை இது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏன் எப்போதும் அவளே பெட்டி கட்ட வேண்டும்?

வன்முறை செய்தவரை வெளியேற்று என்பது பல நாட்டுச் சட்டங்களில் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆஸ்திரியாவில் 1997 முதல் போலீஸ் அந்த இடத்திலேயே ஆளை வெளியேற்றி வீட்டுக்குள் நுழையத் தடை போடலாம். இப்போது அந்தத் தடை இரண்டு வாரம். அவள் நீதிமன்றம் போனால் அது நீளும். ஜெர்மனியில் 2002இல் அமலுக்கு வந்த சட்டப்படி, சேர்ந்து குடியிருந்த வீடு அவன் பெயரிலேயே இருந்தாலும் குறிப்பிட்ட காலத்துக்கு நீதிமன்றம் அதை அவளுக்கு ஒதுக்கலாம். மலேசியாவில் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சமூகநல அதிகாரியே 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும், நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லை. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை கிடைக்கும்.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். பிரிவு 17 குடியிருக்கும் உரிமை. வீட்டில் அவளுக்குச் சொத்துரிமை இருக்கிறதா என்ற கேள்வியே அங்கே எழாது. பிரிவு 19இன் கீழ் அவனை வெளியேறச் சொல்லலாம். அது முடியாத நிலையில், அவள் இருந்த வீட்டின் தரத்துக்கு ஈடான வேறு வீடு ஏற்பாடு செய் அல்லது வாடகையைக் கொடு என்று உத்தரவிடலாம். இந்தக் கடைசிப் பகுதியை மனுவில் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குத் தாளவில்லை. ஜீவனாம்சம் கேட்கிறார்கள், நகையைத் திருப்பிக் கேட்கிறார்கள், வாடகையை விட்டுவிடுகிறார்கள்.

மாமனார் பெயரில் வீடு இருந்தால் மருமகளுக்கு ஒன்றும் இல்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு: அது 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மிச்சம். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பார்வையைத் தள்ளிவிட்டது. கணவரின் உறவினர் பெயரில் உள்ள வீடும், அங்கே அவள் குடும்பமாக வாழ்ந்திருந்தால், சட்டம் சொல்லும் "பகிர்ந்து வாழ்ந்த இல்லம்"தான்; பிரிவு 17இன் உரிமை அங்கேயும் உண்டு.

#4 மழைநாள்

கறுப்புக்கோட்டு சொல்வது நியாயம்தான். நான் அந்த உத்தரவை வாங்கியவள். அவர் போனார், நான் இருந்தேன்.

ஆனால் அந்த வீட்டின் ஒவ்வொரு ஜன்னலும் அவருக்குத் தெரியும். எந்தத் தாழ்ப்பாள் லூசு என்று தெரியும். ராத்திரி எந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். குளியலறைச் சுவரைப் பார்த்தாலே அந்த நாள் கண்முன் வரும். இரண்டரை மாதத்தில் நானே காலி செய்தேன். தோற்றுப்போனதாக எல்லோரும் பேசினார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இரண்டரை மாதம் என் பிள்ளைகள் முழுப்பரீட்சை எழுதி முடித்தார்கள். அவசரம் இல்லாமல் ஐந்து வீடு பார்த்து, பேருந்து வசதி பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கையில் பையோடு ஓடி வந்தவள் அப்படித் தேர்ந்தெடுக்க முடியாது.

#5 கறுப்புக்கோட்டு

மழைநாள், நீங்கள் சொன்னதை நான் மனுவில் எழுதும் மொழியில்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்த உத்தரவு முதலில் தருவது அவகாசம். இருப்பதா போவதா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

இருப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் பூட்டு மாற்றுவது, கதவை வலுப்படுத்துவது, ஒரு பாதுகாப்பான அறை அமைப்பது என்று செய்து தருகின்றன. நீதிமன்றத் தாளும் புதுப் பூட்டும் ஒரே நாளில் வர வேண்டும். தாள் மட்டும் வந்து பூட்டு வராத வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

#6 மாடிவீடு

இரண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன் நான். திட்டத் தோன்றினால் திட்டுங்கள், முழுசும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சில வருடம் முன்பு ஓர் அம்மா இரண்டு பிள்ளைகளோடு கீழ்வீட்டுக்குக் குடிவந்தார். வாடகை ஒழுங்காக வந்தது. ஒரு மாதத்தில் மூன்று இரவு அந்த ஆள் வந்து கத்தினான். மூன்றாவது இரவு ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். மேல்வீட்டில் இருந்தவர்கள், அவர்கள் இருந்தால் நாங்கள் போகிறோம் என்றார்கள். நான் அந்த அம்மாவை ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டை முழுக்கக் கூட்டிப் பெருக்கி, உடைந்த கண்ணாடிக்கான பணத்தையும் சாவியோடு சேர்த்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் பணத்தை நான் வாங்கிக்கொண்டேன். அதை நினைக்காத நாள் குறைவு.

திண்ணைவாசி, உங்களைப் போல யாரோதான் அந்த வீட்டைப் பேசி முடித்தார்கள். அன்று ராத்திரி ஒரு மணிக்கு நான் யாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்? என்னிடம் ஓர் எண்கூட இல்லை. வீடு பேசும்போது வந்தவர்கள் அப்புறம் வரவே இல்லை. எனக்கு இருந்தது கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். பயம் இருந்தது, பயத்தைப் பகிர ஆள் இல்லை.

#7 திண்ணைவாசி

மாடிவீடு ஐயா, உங்களைத் திட்ட வரவில்லை. நீங்கள் சொல்லும் அந்த "யாரோ" நாங்களாகவே இருந்திருக்கலாம். எட்டு வருடத்தில் ஒரு வீட்டு உரிமையாளரைக்கூடக் குடிவைத்த பிறகு நாங்கள் திரும்பக் கூப்பிட்டுப் பேசியதில்லை. உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று காலை மூன்று பேரைக் கூப்பிட்டேன். ஒருவர், "நீங்க இன்னும் இருக்கீங்களா" என்று கேட்டார்.

#8 ஊர்விட்டு ஊர்

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்கிறேன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, மாடிவீடு ஐயா சொன்ன பயத்தைச் சட்டமே ஊதிப் பெரிதாக்கிய கதை. பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன் என்ற நகரத்தில் ஒரு விதி இருந்தது. நாலு மாதத்தில் மூன்று முறை ஒரு வீட்டுக்குப் போலீஸ் வந்தால் உரிமையாளரின் வாடகை உரிமத்தை ரத்து செய்யலாம், குடியிருப்பவரை வெளியேற்றலாம். முன்னாள் துணைவனிடம் அடிவாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், வீடு போய்விடுமே என்று போலீஸைக் கூப்பிட அஞ்சினார். 2012இல் கழுத்தில் குத்துப்பட்டு ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகும் அவரை வெளியேற்றப் பார்த்தார்கள். அவர் வழக்குப் போட்டு, 2014இல் அந்த விதி நீக்கப்பட்டது. 2022இல் நாடு முழுமைக்குமான சட்டத்திலேயே, உதவிக்கு அழைத்ததற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்று சேர்த்தார்கள். இப்படி எழுதப்பட்ட விதி இல்லாத ஊரிலும் எழுதாத விதியாக இது இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணிடமும் கேளுங்கள்: போலீஸ் வந்தால் வீடு போய்விடும் என்று நினைக்கிறாயா?

இரண்டாவது, ஆறாம் மாதத்தைப் பற்றி. வீடற்றவர்களுக்கு முதலில் வீட்டைக் கொடு, மற்ற நிபந்தனைகளை அப்புறம் பார்க்கலாம் என்ற முறை 1992இல் நியூயார்க்கில் தொடங்கியது. அதைக் குடும்ப வன்முறைக்கு ஏற்ப மாற்றி 2009இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஆரம்பித்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, உதவியாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதில்லை, அவள் இருக்கும் இடத்துக்குப் போவார். எதற்கு எவ்வளவு பணம் தேவை என்பதை அவள் சொல்வாள். வாடகை பாக்கியாக இருக்கலாம், வண்டிப் பழுதாக இருக்கலாம், வேலைக்குப் போடும் காலணியாக இருக்கலாம். வண்டி ஓடாவிட்டால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும்; அதனால் வண்டிப் பழுதுக்குக் கொடுப்பதும் வீட்டு உதவிதான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 400க்கும் மேற்பட்டோரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். இந்த உதவி பெற்றவர்கள் வீட்டில் நிலைத்திருந்தது, வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களைவிட மேலாகவே இருந்தது.

உங்கள் தங்கை வாய் திறந்து கேட்காததற்குக் காரணம் அவளுடைய வெட்கம் மட்டுமில்லை. கேட்கலாம் என்று நாம் சொல்லாததும்தான். இங்கே முதல் நாளே சொல்லிவிடுவோம்: "மூன்றாம் மாதமும் ஐந்தாம் மாதமும் கஷ்டம் வரும், எல்லோருக்கும் வருகிறது, அப்போது கூப்பிடு." நாங்களும் கூப்பிடுவோம்.

#9 கணக்குநோட்டு

கடன் பக்கத்தை யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். வெளியே வந்த பிறகு அவள் பெயரில் எத்தனை கடன் இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். கையெழுத்தைக் கட்டாயப்படுத்தி வாங்கிய கடன், அவளுக்கே தெரியாமல் எடுத்த செல்போன் தவணை, பழைய வீட்டின் மின்கட்டணம், எல்லாம் நாலாம் மாதம்தான் கதவைத் தட்டும்.

வாடகை ஒப்பந்தம் இருவர் பெயரிலும் இருந்தால் இன்னும் ஆபத்து. அவள் போய்விடுவாள், அவன் வாடகை கட்டாமல் உட்கார்ந்திருப்பான், பாக்கி இரண்டு பேர் தலையிலும் ஏறும். இதற்காகவே சில இடங்களில் விடுவிப்பு வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் 2 நாள் அறிவிப்பு கொடுத்து வெளியேறலாம், கனடாவின் ஒன்டாரியோவில் 28 நாள். அப்படிச் சட்டம் இல்லாத இடமாக இருந்தால், வெளியேறிய தேதியை எழுத்தில் உரிமையாளருக்குத் தெரிவித்து, ஒப்புகையை வாங்கி வையுங்கள். அறையின் படங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும், பின்னால் சேதக் கணக்கு அவள் தலையில் விழாமல் இருக்க.

வாய்தாவுக்குப் போன சம்பளத்தைப் பற்றித் திண்ணைவாசி எழுதியது மனதை அறுத்தது. நியூசிலாந்தில் 2019 ஏப்ரல் முதல் இதற்கென்றே வருடத்துக்கு 10 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அவளுடைய முதலாளியிடம் சட்டம் இல்லாமலே இதைக் கேட்கலாம். இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன், ஒருவர் கொடுத்தார்.

#10 பூட்டுசாவி

முகவரி வெளியே கசியும் வழிகள் பற்றி. முன்பு சொந்தக்காரர் வழியாகத்தான் கசியும். இப்போது பெரும்பாலும் போன் வழியாக.

வீடு மாறும் முன் போனை மாற்றுவதைவிட முக்கியம், கணக்கை மாற்றுவது. பழைய மின்னஞ்சல் கணக்கையே புதுப் போனில் போட்டால் படங்களும் இருப்பிடமும் அவர் கையில் இருக்கும் பழைய டேப்லெட்டில் போய் விழும். அடுத்தது பிள்ளைகளின் விளையாட்டுச் செயலி, குடும்பக் கணக்கு, பொருள் வாங்கும் செயலியில் சேமித்த முகவரி. பைக்குள்ளோ பொம்மைக்குள்ளோ இருக்கும் சின்ன டிராக்கர். பள்ளி மாற்றுச் சான்றிதழில் புதுப் பள்ளியின் பெயரை எழுதிப் பழைய பள்ளியில் வைத்திருப்பார்கள், அப்பா போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். நீதிமன்ற மனுவில் புது முகவரியை எழுதாதீர்கள், வழக்கறிஞர் முகவரியைக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உளவு பார்ப்பது தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் அணைத்துவிடாதீர்கள். திடீரென்று இருட்டானால் அவர் நேரில் கிளம்பி வரலாம். இடம் மாறும் நாளையும் அணைக்கும் நாளையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் 1991 முதல் அரசே மாற்று முகவரி ஒன்றைக் கொடுக்கிறது. கடிதங்கள் அங்கே போய், அங்கிருந்து உண்மை வீட்டுக்கு வரும். அந்த ஏற்பாடு இல்லாத ஊரில் நம்பிக்கையான ஓர் அலுவலக முகவரி போதும்.

#11 சின்னக்குடை

இதுவரை பேசியது எல்லாம் சிறு பிள்ளைகளோடு வரும் இளம்பெண்ணைப் பற்றி. பதினாலு வயது மகனோடு வந்த ஒரு தாயைப் பையன் பெரியவன் என்று சொல்லிக் காப்பகத்தில் சேர்க்கவில்லை. மகனைப் பிரிய மாட்டேன் என்று அவர் திரும்பிவிட்டார். மகனிடமே அடிவாங்கும் எழுபது வயது அம்மாவுக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் படியில்லாத வீடு தேடி அலைந்திருக்கிறேன். அடிபடும் ஆண்களும் உண்டு, சொல்லவே மாட்டார்கள். உங்கள் நோட்டில் இவர்களுக்கும் ஒரு பக்கம் விடுங்கள்.

#12 மாடிவீடு

திண்ணைவாசி, ஒன்று கேட்கலாமா? அந்தத் தங்கையின் வீட்டு உரிமையாளரிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா? நீங்கள் பேசினால் உதவி கேட்பதாக நினைப்பார். நான் பேசினால் அவருடைய பயம் எனக்குத் தெரியும்.

#13 திண்ணைவாசி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும்.

மாடிவீடு ஐயா நாற்பது நிமிடம் பேசினார். நான் கூடவே போனில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அவர் உடைந்த கண்ணாடியைப் பற்றியும் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த உரிமையாளர் கேட்டது இரண்டு விஷயம்தான்: பாக்கி எப்படி வரும், பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது.

பாதி பாக்கியை நாங்கள் உடனே கட்டினோம். மீதியை ஐந்து மாதத்தில் வாடகையோடு சேர்த்துத் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எங்கள் இருவர் எண்ணை அவர் தன் போனில் ஏற்றிக்கொண்டார். கறுப்புக்கோட்டு சொன்னபடி மனுவில் பிரிவு 19இன் கீழ் வாடகை கேட்டுச் சேர்த்திருக்கிறோம், அடுத்த வாய்தாவில் தெரியும். வேலை இடத்தில் நீதிமன்ற நாட்களுக்குப் பதிலாக ஞாயிறு வந்து ஈடுகட்டலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். அது விடுப்பு இல்லை, இருந்தாலும் சம்பளம் வெட்டாது.

இனி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு முறை போவதென்று முடிவு செய்தோம். முன்பணத்துக்கு வைத்திருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை, குடிவந்த பிறகு வரும் கஷ்டத்துக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டோம். இதனால் இந்த வருடம் குறைவான பேரைத்தான் குடிவைக்க முடியும். எங்களுக்குள்ளேயே இதில் சண்டை நடந்தது. காத்திருக்கும் ஒருத்தியின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியுமா என்று ஒரு தோழி கேட்டாள். அவளுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் இதைத்தான் செய்யப் போகிறோம்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த வீட்டின் பின்கதவுத் தாழ்ப்பாள் பழசு, உரிமையாளர் மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். தெரியாத ஆளை வீட்டுக்குள் விட அவளுக்குப் பயமாக இருக்கிறது.

#14 வேர்பிடித்தவள்

அக்கா, தாழ்ப்பாள் மாட்ட எனக்குத் தெரியும். இரண்டாவது வீட்டில் நானே கற்றுக்கொண்டது. துளைபோடும் மிஷினும் என்னிடம் இருக்கிறது. முகவரியை இங்கே போட வேண்டாம், எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். ஞாயிறு அவளுக்கு வேலை என்றால் சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். நான் வரலாமா என்று அவளிடம் முதலில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.